மீனாக நின்ற மாப்பிள்ளை

என் மாமியாருக்கு என்மேல் எக்கச்சக்க மரியாதை. எவ்வளவு என்றால், அவர் எங்கள் வீட்டுக்கு வந்து தங்க ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மாப்பிள்ளையிடம் முகத்துக்கு முகம் பேசுவது அவர் வளர்ந்த விதத்தில் கிடையாது. எது சொல்ல வேண்டுமென்றாலும் என் மனைவியிடம்தான் சொல்வார். நான் அதே மேஜையில், அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி. "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வைக்கவான்னு கேளு" என்பார். மனைவி என்னைப் பார்ப்பாள். நான் மனைவியைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பேன். இவ்வளவு நேரமும் கரண்டி என் தட்டுக்கு மேலேயே காத்துக்கொண்டிருக்கும்.

நான் நினைத்திருந்தால் இந்த வழக்கத்தை முதல் வாரத்திலேயே உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு அது பிடித்துப்போயிருந்தது. நான் லிஃப்டும் கிரேனும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதிக்கிறவன். இரும்புக் கட்டிகளைத் தொங்கவிட்டு, கம்பிவடம் நீள்கிறதா, கொக்கி விரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. கட்டடங்களில் எனக்கு 'தொங்கவிடறவன்' என்று பெயர். நான் வாசலில் தெரிந்தாலே அங்கே இருக்கிறவர்களின் முகம் சுருங்கிவிடும். எனக்கும் வாய் சும்மா இருக்காது. துருப்பிடித்த ஒரு போல்ட்டைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அந்தக் கட்டடமே என் சத்தத்தில் ஆடும். அப்படிப்பட்டவனை ஒரு மனுஷி நிமிர்ந்து பார்த்துப் பேசவே கூசுகிற அளவுக்கு மதிக்கிறார் என்றால், அதைப் போய் யாராவது கெடுத்துக்கொள்வார்களா?

கஷ்டமெல்லாம் மனைவி பக்கத்தில் இல்லாத நேரத்தில்தான். அவள் பல் டாக்டர். "பகலெல்லாம் வாயைத் திறந்து வச்சுக்கிட்டுப் பேச முடியாதவங்களோட மல்லுக்கட்டிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா, வாய் இருந்தும் பேசாத நீங்க ரெண்டு பேரு" என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அடுப்பில் ஏதோ தீய்ந்து புகை வந்தது. மாமியார் ஹாலுக்கு ஓடிவந்தார். என்னைப் பார்த்தார். உடனே பார்வையை மாற்றி, சுவர்க் கடிகாரத்திடம், "அடுப்புல தீயுது" என்றார். நானும் அதே கடிகாரத்திடம் "இதோ பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ஒரு பழைய படகுத்துறை இருக்கிறது. தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மரப்பலகைப் பாலம், கட்டிப்போட்ட சில படகுகள், தூண்களில் பாசி. விடுமுறை நாட்களில் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். பெரிய மீன் எதுவும் இல்லை. உள்ளங்கை அகலம், தட்டையாக, தலையும் வாலுமாகச் சின்ன வாணலியில் முழுசாகப் படுக்கிற அளவுக்குத்தான் இருக்கும். மாமியார் சாயங்காலம் முழுக்க ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது மீனைத் தவறவிட்டால், 'ப்ச்' என்று அவர் நாக்குத் தட்டும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும்.

ஒருநாள் மனைவி வந்து சொன்னாள்: "அம்மாவுக்கு மீன் பிடிக்கணுமாம். மாப்பிள்ளைக்குச் சிரமம் இல்லைன்னா ஒரு தூண்டில் வாங்கித் தர முடியுமான்னு கேக்கறாங்க. தண்ணிமேல மிதக்கிற தக்கை திடீர்னு உள்ள போகுதாமே, அதைப் பார்த்தா கை பரபரங்குதாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை காலத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. கேட்டது மனைவி வழியாக என்றாலும், கேட்டது என்னிடம்.

அடுத்த நாளே கடைக்குப் போனேன், தனியாக. அவரையும் அழைத்துப் போகலாம் என்று தோன்றவே இல்லை. லிஃப்டில் ஏறப்போகிறவர்களைக் கேட்டா நான் கம்பிவடத்துக்குச் சான்று கொடுக்கிறேன்? என் தொழிலுக்கு ஒரே விதிதான்: தாங்க வேண்டியதைவிட நிறையத் தாங்க வேண்டும். கடைக்காரர், எதைத் தொட்டாலும் "அதுல தள்ளுபடி இருக்கு சார்" என்கிற ரகம். குச்சி குச்சியாக, வளைந்து நெளியும் கழிகளை எடுத்து நீட்டினார். நான் முகத்தைச் சுளித்தேன். இந்தத் துடைப்பக் குச்சியில் தப்பித்தவறி ஒரு பெரிய மீன் மாட்டி, கழி முறிந்துபோனால்? 'உங்க மாப்பிள்ளை வாங்கிக் குடுத்தது உடைஞ்சுபோச்சாமே' என்று என் மச்சான் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவானே. கடையின் கோடியில், மூலையில் ஒரு கழி சாய்ந்து நின்றது. பிடி என் மணிக்கட்டுத் தடிமன். முனையைத் தரையில் ஊன்றி, என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். வளையவில்லை.

"இதைக் கொடுங்க."

"சார், படகை எங்க நிறுத்தியிருக்கீங்க? இது நடுக்கடலுக்குப் போறவங்க வாங்கறது."

"ஜன்னலுக்குக் கீழேதான்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அதில் தள்ளுபடி இருந்தது.

அதோடு சேர்த்து, பால் டப்பா அளவுக்கு ஒரு ரீல், அதில் சுற்றத் துணி காயப்போடலாம் போல் தடியான தூண்டில் நரம்பு, எல்லாம் வாங்கினேன். எங்கள் கட்டடத்து லிஃப்டில் அந்தக் கழி நுழையவில்லை. லிஃப்ட் சோதிக்கிறவன் தோளில் கழியைச் சாத்திக்கொண்டு படியேறி மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தான். மாமியார் அதைப் பார்த்தார், கீழிருந்து மேலாக, வெகுநேரம். பிறகு மகளிடம், "ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லு. எதுக்கு இவ்வளவு சிரமம்னு கேளு" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து விடுமுறை நாள்தோறும் நாங்கள் இருவரும் படகுத்துறைக்குப் போனோம். மனைவி வரமாட்டாள். "வாரத்துல ஒரு நாளாவது யார் வாயும் எனக்கு வேண்டாம்" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். ஆக, பலகையின்மேல் நான், மாமியார், எங்களுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி. மனைவியின் வேலையை அந்த வாளி பார்த்தது. "அந்தக் கடைசித் தூணைத் தாண்டி எறியணும்" என்று நான் வாளியிடம் சொல்வேன். "சரி" என்று மாமியார் வாளியிடம் சொல்வார். கழியை இரண்டு கையாலும் தூக்கி, உடம்பையே பின்னால் சாய்த்து எறிவார். நரம்பில் கட்டிய ஈயக்குண்டு தண்ணீரில் விழும் சத்தத்துக்குப் படகுகளில் உட்கார்ந்திருக்கும் பறவைகள் எழுந்து பறக்கும்.

மீன் கிடைக்கவில்லை. ஒரு வாரம் இல்லை, எந்த வாரமும் இல்லை. நரம்பைச் சுற்றி எடுத்தால், புழு காணாமல் போய், தூண்டில் முள் கழுவித் துடைத்த மாதிரி வரும். எங்கள் பக்கத்தில் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்து உட்காருவார். கையில் நான் வேண்டாம் என்று தள்ளிய அதே துடைப்பக் குச்சி. சீட்டியடித்துக்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாக மீனை எடுத்துத் தன் வாளியில் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிர்ஷ்டக்காரன் என்று முடிவு கட்டினேன். புழுவைக் குறை சொன்னேன். பிறகு தண்ணீரைக் குறை சொன்னேன். ஒரு வாரம், முள் போதவில்லை என்று, அதைவிடப் பெரிய முள்ளாக வாங்கி மாட்டினேன். அந்த மீன்கள் வாயைத் திறந்தால் உள்ளே போகாத முள் அது. குறை சொல்லாமல் விட்டது என் கழியை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மூலமாகச் செய்தி வரும்: "இன்னைக்கும் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு அம்மா சொல்றாங்க." நானும் நம்பினேன். மீன் கிடைக்காவிட்டால் என்ன, நம் கழி எப்படி நிற்கிறது பார் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா அண்ணன் வீட்டுக்கே போயிடறேங்கறாங்க" என்றாள்.

மச்சான் கெட்டவன் இல்லை. ஆனால் அவனும் அவன் மனைவியும் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். அங்கே மாமியாருக்குக் கொடுத்திருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். முன்பு அங்கே தங்கிவிட்டு எங்களிடம் வந்தபோது, பேச்சே குறைந்துபோய், எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவராகத்தான் வந்தார். எங்கள் ஜன்னலுக்கு வந்த பிறகுதான் அந்த 'ப்ச்' திரும்பியது. அது இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. சாதாரணமாகப் பிடிப்பது இல்லை, ரொம்பப் பிடிக்கும்.

இவ்வளவையும் மனதுக்குள் வைத்துக்கொண்டு நான் சொன்னது இதுதான்: "அவங்க இஷ்டம்னு சொல்லு."

மரியாதையாகச் சொல்கிறேன் என்று நினைத்தேன். பெரியவர் ஒரு முடிவு எடுத்தால் குறுக்கே நிற்க நான் யார்? மனைவி என்னையே பார்த்தாள். "வேற ஒண்ணும் சொல்லணுமா?"

"இது போதும்."

அடுத்த வாரம் மறுபடி அதே செய்தி வந்தது. மறுபடி அதே பதிலைச் சொன்னேன். அதற்கடுத்த தடவை, வெறும் பதில் மொட்டையாக இருக்கிறதே என்று, "எப்ப கிளம்பணும்னாலும் நானே கொண்டுபோய் விடறேன்னு சொல்லு" என்று சேர்த்தேன். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவிக் கழுவி நின்றேன். என் பெருந்தன்மை எனக்கே தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். மாமியார் சமையலறையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வலது கையை முழங்கை வரை விட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று கையை எடுத்துத் துண்டுக்குள் மறைத்தார். ஆனால் நான் பார்த்துவிட்டேன். மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது. வாசல் பக்கம் அந்தக் கழி சுவரில் சாய்ந்து நின்றது, எந்த வளைவும் இல்லாமல்.

இரும்பு எவ்வளவு தாங்கும் என்று ஆயுள் முழுக்கப் பார்த்தவன், அதைத் தூக்குகிற கை எவ்வளவு தாங்கும் என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. இதற்கு அரசாங்கச் சான்றிதழ் வேறு வாங்கி வைத்திருக்கிறேன்.

போவதற்கு முன்னால் அவருக்கு ஒரு மீனாவது கிடைக்க வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. வீக்கம் வடியும்வரை பொறுத்து, மனைவி மூலம் சொல்லியனுப்பி, அவர் "எதுக்குச் சிரமம்னு கேளு" என்று சொல்லியனுப்பி, நான் "சிரமமே இல்லைன்னு சொல்லு" என்று சொல்லியனுப்பி, ஒருவழியாக இருவரும் கடைக்குப் போனோம். மனைவி கிளினிக்கில் இருந்தாள். அவளைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

கழிகளை அடுக்கியிருந்த சட்டத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மாமியார். நான் போனில், "கைப்பிடி எப்படி இருக்குன்னு அம்மாகிட்ட கேளு" என்றேன். போன் மனைவியின் குரலில், "அம்மா, கைப்பிடி எப்படி இருக்கு?" என்று கத்தியது. அந்தப் பக்கத்திலிருந்து மாமியார், "நல்லா இருக்குன்னு சொல்லு" என்றார். "நல்லா இருக்காம்" என்றது போன்.

கடைக்காரர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "சார், அவங்க சொன்னது எனக்கே கேட்டுச்சு."

"நீங்க சும்மா இருங்க" என்றேன்.

"என்னங்க," என்றாள் மனைவி, "இங்க ஒரு மனுஷன் வாயைப் பிளந்துகிட்டு அரை மணி நேரமா உக்காந்திருக்காரு. அவர் வாயை மூடறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறங்க." போனை வைத்துவிட்டாள்.

நான் தொண்டையைக் கனைத்தேன். மாமியாரும் கனைத்தார். இருவரும் ஒரே நேரத்தில் கடைக்காரரைப் பார்த்தோம். பாவம், அவருக்கு ஓட இடமில்லை.

"சோதிச்சுப் பார்க்காம இந்தத் தடவை வாங்கறதா இல்லைன்னு சொல்லுங்க" என்றேன் அவரிடம். எப்படிச் சோதிப்பது என்று முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். ஒரு கழியில் நரம்பைக் கோத்து, மாமியார் கையில் கொடுத்துவிட வேண்டும். நரம்பின் அடுத்த நுனியைப் பிடித்துக்கொண்டு நான் கடையின் மறுகோடிக்குப் போய்விடுவேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் சின்ன மீன் கொறிப்பது போல லேசாக வெடுக் வெடுக்கென்று இழுப்பேன். கைக்குத் தெரிந்தால் சொல்ல வேண்டும். முறிகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, தெரிகிறதா என்று பார்க்கும் முதல் சோதனை இது.

"வாங்கினாத்தான் நரம்பு கோப்போம் சார்."

"இல்லைன்னா நீங்க எனக்கு வித்த நடுக்கடல் கழியைக் கொண்டுவந்து உங்க தலையிலேயே கட்டிட்டுப் போயிடுவேன்." அவர் கோத்துக் கொடுத்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும் என்பது தொழில் புத்தி. அதனால் முதலில் என் கழியைப் போலவே தடியாக இருந்த ஒன்றைக் கொடுக்கச் சொன்னேன். மாமியார் அதை வாங்கிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் மறுகோடியில், மீன் பிடிக்கப் போகிறவர்கள் போடும் தொப்பிகளுக்கு நடுவில், நரம்பு நுனியை விரலில் பிடித்துக்கொண்டு மீனாக நின்றேன். ஒரு வெடுக்.

"தெரியுதுன்னு சொல்லுங்க" என்றார் மாமியார்.

"தெரியுதாம்" என்றார் கடைக்காரர்.

நல்ல கழியாக இருக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. இன்னும் லேசாக இழுத்தேன். "தெரியுதாம்." மயிரிழையளவு அசைத்தேன். "ரொம்ப நல்லாத் தெரியுதாம்."

அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. நரம்பு விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அதைக் குனிந்து எடுக்கப் போனபோது, மாமியாரின் குரல் கேட்டது: "இப்பவும் தெரியுதுன்னு சொல்லுங்க. முன்னவிட நல்லாத் தெரியுது."

தரையில் கிடந்த நரம்பைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் மரியாதை ததும்ப நிற்கும் மாமியாரைப் பார்த்தேன். அவ்வளவு நாளும் மனைவி வழியாக வந்த 'ரொம்ப நல்லா இருந்துச்சு' எல்லாம் ஒன்றுவிடாமல் என் காதில் வரிசையாக வந்து நின்றது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. துருப்பிடித்த போல்ட்டைப் பார்த்தால் வருமே, அந்தச் சத்தம் வந்தது.

"அத்தை! நான் நரம்பைப் பிடிக்கவே இல்ல!"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். மாமியார் கண்ணைத் திறந்தார்.

"பொய் சொல்லாதீங்க அத்தை! தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க! எதுக்கு இந்த மரியாதை? கை வீங்கிப்போய் வெந்நீர்ல விட்டுக்கிட்டு நிக்கிறதுக்கா?"

சொன்ன பிறகுதான், நேராகப் பேசிவிட்டேன் என்பது உறைத்தது. மாமியார் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கி, "என்னை விட்டுடுங்கம்மா" என்று கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வேறு வழியில்லாமல் மாமியார் என்னைப் பார்த்தார். எவ்வளவு பெரிய கண்கள் என்று அன்றுதான் கவனித்தேன்.

"தெரியல" என்றார்.

"என்னது?"

"ஒண்ணுமே தெரியல மாப்பிள்ளை. முதல் நாள்லேருந்து தெரியல. அது கழியா, கட்டடத்துத் தூணா? மீன் வந்து புழுவைத் தின்னுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டுப் போறவரைக்கும் என் கைக்குச் சேதி வராது. அப்புறம், எதுக்கு அந்தக் கடைசித் தூணைத் தாண்டி எறியச் சொல்றீங்க? மீனெல்லாம் பலகைக்கு அடியில, நிழல்லதான் நிக்குது. அந்த பஸ் ஓட்டறவர் காலுக்குக் கீழதானே போடறாரு. நான் ஜன்னல்லேருந்து தினம் பார்க்கறேனே, எனக்குத் தெரியாதா? அந்த முள்ளு! அதுல மீனையா மாட்டறது, சட்டையை மாட்டலாம்!"

அணை திறந்துவிட்டது. கழியோடு நிற்கவில்லை. ஹாலில் டிவியை நான் வைக்கும் சத்தத்தில் அவர் காது போய்விட்டதாம். குளிக்கும்போது நான் பாடுவதை நிறுத்தினால் பக்கத்து வீட்டுக்காரர்களும் நன்றி சொல்வார்களாம். அவர் தலையணை செங்கல் மாதிரி இருக்கிறதாம். அதுவும் நான் வாங்கியதுதான். நசுங்காத ரகம் என்று தேடிப் பிடித்து வாங்கினேன். சட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து குறை வந்துகொண்டே இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அவர் என்னைத் திட்டத் திட்ட எனக்கு ஏதோ லேசாகிக்கொண்டே போனது.

"அதனாலதான் கிளம்பறீங்களா?" என்றேன்.

"ஒரு கழிக்காகவா வீட்டை விட்டுப் போவாங்க?"

"பின்ன எதுக்குப் போறீங்க?"

"நீங்கதானே அனுப்பறீங்க."

"நானா?"

"என் இஷ்டம்னு சொல்லி அனுப்பினீங்க. சரி, மாப்பிள்ளை யோசிச்சுச் சொல்லுவாருன்னு மறுபடி சொல்லி அனுப்பினேன். அப்பவும் என் இஷ்டம். மூணாவது தடவை நானே கொண்டுபோய் விடறேன்னுட்டீங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "மூட்டையைக் கட்டுன்னு இதைவிட மரியாதையா எப்படி மாப்பிள்ளை சொல்றது?"

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை நான் எத்தனையோ தடவை வெளியே எடுத்திருக்கிறேன். அவர்கள் ஏன் கதவு திறந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார்கள் என்று அன்று புரிந்தது.

"போகாதீங்க அத்தை" என்றேன். குரல் உடைந்து, தொப்பிகளுக்கு நடுவில் அசிங்கமாகக் கேட்டது. "நீங்க போனா எனக்குத் தாங்காது. குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். உங்களைத் தடுத்தா மரியாதை இல்லாம போயிடும்னு நினைச்சேன். நான் ஒரு மடையன். நீங்க எங்களோடவே இருங்க."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விலைச்சீட்டு எதையோ படிப்பது போல நின்றார். அவர் தோள் ஆடியது.

"இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பறதுக்கு என்ன?" என்றார், திரும்பாமலே. "போறேன் போறேன்னு எத்தனை தடவைதான் சொல்லி அனுப்பறது? ஒரு தடவையாவது வேண்டாம்னு பதில் வராதான்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

கடைக்காரர் மெதுவாகத் தலையை நீட்டி, "சார், அந்தப் பெரிய கழியில தள்ளுபடி..." என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து, "வேண்டாம்!" என்றோம்.

அதன் பிறகு ஒழுங்காகச் சோதித்தோம். அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் கோடியில் நின்று இழுப்பேன். "தெரியல." "தெரியல மாப்பிள்ளை, அடுத்ததைக் கொடுங்க." "இது தெரியுது, ஆனா நீளம் ஜாஸ்தி. பலகைமேல உக்காந்து காலுக்குக் கீழ விடறதுக்கு எதுக்கு இவ்வளவு?" எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை, நீல நிறத்தில் பளபளவென்று இருந்ததை, எடுத்துக் கொடுத்தேன். ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "பிடிக்கல" என்று திருப்பிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்லி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கடைசியில் ஒரு குட்டைக் கழி வந்தது. தக்கையால் ஆன பிடி. இரண்டு விரலில் தூக்கிவிடலாம். அடிப்பக்கம் விறைப்பாக நிற்கிறது; நுனி மட்டும் புல் மாதிரி தலையாட்டுகிறது. அதற்கு மெல்லிய நரம்பு, உள்ளங்கைக்குள் அடங்குகிற ரீல். நான் நரம்பைப் பிடித்துக்கொண்டு மறுகோடிக்குப் போனேன். இழுப்பதற்கு முன்பே அவர், "மாப்பிள்ளை, உங்க கை நடுங்குதா?" என்றார்.

"ஆமாம் அத்தை."

"தெரியுது" என்றார்.

கண்ணைத் திறந்தார். கழியைக் கீழே வைக்காமலே, இடது கையால் பைக்குள் துழாவிப் போனை எடுத்து மச்சானை அழைத்தார். நான் நரம்பின் இந்த நுனியைப் பிடித்தபடியே நின்றேன். விடச் சொல்லி அவர் சொல்லவில்லை.

"நான்தாண்டா. வரலைன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்." குரலில் சலிப்பு மாதிரி ஒன்று இருந்தது. ஆனால் கடைக்காரருக்கு, தொப்பி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு, வாசலில் போகிறவர்களுக்கு என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "நான் என்னடா பண்றது, எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். மாப்பிள்ளை விடவே மாட்டேங்கிறாரு."